கறுப்பு ரியூப் ஏன் சுருங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வளைகுடாவில் ஒரு கேபிள் தொழிற்சாலையில் இலத்திரன் கற்றை இயந்திரத்தோடு பதினொரு வருடம் மல்லுக்கட்டியவன் நான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. சரி, இந்த வாரம் அதையே பார்ப்போம்.

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவு. பாமசியில் வாங்கிய ஊசிப் பொதியில் ‘ஸ்டெரைல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற எழுத்து இருக்கிறது. அது ரேடியேஷன் என்று மகன் சொல்லிவிட்டான். இப்போது அம்மா அந்த ஊசியைத் தொடவே மாட்டேன் என்கிறார். ஊசிக்குள் கதிர்வீச்சு இருக்குமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகன் சொன்னது சரி. ஆனால் அம்மா பயப்படத் தேவையில்லை. ‘ஆர்’ என்றால் காமாக் கதிராலோ இலத்திரன் கற்றையாலோ கிருமி நீக்கியது என்று அர்த்தம். ‘ஈஓ’ என்று இருந்தால் எத்திலீன் ஒக்சைட் என்ற வாயுவால் நீக்கியது.

உங்கள் வீட்டில் முன்பு பின்பக்கம் புடைத்த பெட்டி ரீவி இருந்திருக்கும். அந்தக் குழாய்க்குள் சுமார் 25,000 வோல்ற்றில் இலத்திரன்கள் பாய்ந்து வந்து திரையில் மோதின. நாங்கள் வைத்திருந்ததும் அதன் பெரியண்ணன்தான். இந்த வகை இயந்திரங்கள் சில இலட்சம் வோல்ற்றில் தொடங்கி ஒரு கோடி வரை போகும். திரைக்குப் பதிலாக மெல்லிய தைத்தேனியத் தகடு ஒன்று இருக்கும். இலத்திரன்கள் அதைத் துளைத்து வெளியே வந்து, கீழே பெல்ற்றில் நகரும் பெட்டிகள் மேல் மழை மாதிரிக் கொட்டும். சுவிட்சை நிறுத்தினால் மழையும் நின்றுவிடும்.

ஒரு பொருள் தானே கதிர் வீச வேண்டுமென்றால் அதன் அணுக்கருவைக் குழப்ப வேண்டும். இந்த இலத்திரன்கள் அணுவின் வெளிச்சுற்று இலத்திரன்களோடுதான் சண்டை பிடிக்கும். கருவைத் தொடக்கூடாது என்பதற்காகவே மருத்துவப் பொருட்களுக்கும் உணவுக்கும் பொதுவாக 10 மில்லியன் இலத்திரன் வோல்ற்றுக்கு மேல் போவதில்லை.

ஊசிக்குக் கொடுக்கும் வழக்கமான அளவு 25 கிலோகிரே, அதாவது ஒரு கிலோவுக்கு 25 கிலோஜூல். அவ்வளவையும் ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கொடுத்தால் அது சூடாவது வெறும் 6 பாகை. பிளேன்ரீக்குக் காணாது! ஆனால் பக்ரீரியாவின் டிஎன்ஏ இழையைத் துண்டாக்க அது தாராளம். மனிதருக்கோ உடல் முழுவதும் 4, 5 கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து. அதனால்தான் இயந்திரத்தைச் சுற்றி அவ்வளவு தடிப்பான கொங்கிறீற் சுவர்.

இன்னொன்று, ஊசியைப் பொதிக்குள் வைத்து ஒட்டிய பிறகுதான் கதிரைக் கொடுப்பார்கள். திறக்கும் வரை கிருமி உள்ளே போக வழியில்லை. பொதி கிழிந்திருந்தால் மட்டும் அம்மாவைப் பயப்படச் சொல்லுங்கள்.

கேள்வி: வயரிங் வேலை பழகுகிறேன். முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் ஹீட் ஷ்ரிங்க் ரியூப் லைட்டர் சூட்டில் சுருங்கி வயரைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரண பிளாஸ்ரிக் என்றால் உருகி வழியும். இது மட்டும் ஏன் இப்படி?
– ஒரு தம்பி, கிராண்ட்பாஸ்

பதில்: தம்பி, பதினொரு வருடம் எனக்குச் சோறு போட்ட கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

பொலிதீன் என்பது நீண்ட நீண்ட சங்கிலிகள். தட்டில் கிடக்கும் இடியப்பத்தை நினையுங்கள். இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தாலும் இழுத்தால் பிரிந்து வரும். பொலிதீனும் சூடாக்கினால் இழைகள் வழுக்கிக்கொண்டு ஓடும். அதுதான் உருகுவது. இலத்திரன் கற்றை பட்டால் சங்கிலிகளிலிருந்து ஐதரசன் கழன்று, அந்த இடத்தில் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இடியப்பத்தின் இழைகளை அங்கங்கே முடிச்சுப் போட்டது போல. அதற்குப் பிறகு சூடாக்கினால் இளகுமே தவிர வழியாது. பிரித்தானியாவில் ஆர்தர் சார்ள்ஸ்பி என்பவர் அணு உலைக் கதிரில் பொலிதீனை வைத்து இந்த மாற்றத்தை 1952இல் எழுதினார். கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொள்ள அதிக காலம் எடுக்கவில்லை.

முடிச்சுப் போட்ட ரியூபைச் சூடாக்கி, ஊதிப் பெருக்கி, அப்படியே குளிரவிட்டுத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் லைட்டரைப் பிடிக்கும்போது முடிச்சுகள் அதைப் பழைய அளவுக்கு இழுத்துவிடுகின்றன. சந்தேகமென்றால் ஷொப்பிங் பையில் ஒரு துண்டு வெட்டி, ரியூபோடு சேர்த்துச் சூடுகாட்டிப் பாருங்கள். பைத்துண்டு சொட்டும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், வீட்டில் ஏச்சு வாங்க வேண்டாம்.

கேபிள் உறையிலும் இதே கதைதான். ஊசிக்கு 25 என்றால் கேபிளுக்கு 100, 200 கிலோகிரே கொடுப்போம். உருளைகளில் எட்டுப் போட்டு ஓடிவரும் வயர் வெளியே வரும்போது கையில் சுடும். உறை தடிப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை. இலத்திரன்கள் உள்ளேயே தங்கி, திடீரென்று பாய்ந்து, ஊசித்துளை மாதிரி ஓட்டை போட்டுவிடும். அந்தப் பாய்ச்சலைக் கண்ணால் பார்க்க பேர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்ரிக் கட்டி ஒன்றைக் கற்றைக்குள் விட்டு எடுத்தோம். உள்ளே இலையுதிர்த்த மரம் மாதிரி மின்னல் உறைந்து கிடந்தது. இப்போதும் அது எங்கள் ரீவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேத்தி அதற்குக் கீழே ரோச் அடித்து விளையாடுவாள்.

எங்களை அழவைத்தது அந்தத் தைத்தேனியத் தகடுதான். தலைமயிரை விட மெல்லியது. மேலே வெற்றிடம், கீழே காற்று. சூடேறாமல் இருக்க எப்போதும் காற்றை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நாள் இரவு ஷிஃப்டில் ஊதியின் பெல்ற் தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காற்று உள்ளே அடித்து வெற்றிடம் போய்விட்டது. தகடு மாற்றி, பம்ப் ஓடி, பழைய நிலைக்கு வர இரண்டு இரவுகள். மனேஜர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசாதது நல்லது என்றே நினைத்தேன்.

இயந்திர அறைக்குள் போவதற்கு முன் ஓசோன் வாயுவின் மணம் போகும் வரை காத்திருக்க வேண்டும். இடி முழங்கிய பிறகு வருமே, அந்த மணத்தின் பத்து மடங்கு. இயந்திரத்தை இயக்கும் திறப்பும் கதவின் திறப்பும் ஒன்றுதான். உள்ளே போகிறவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான். அவன் வெளியே வந்து திறப்பைப் போடும் வரை யாரும் இயந்திரத்தை இயக்க முடியாது.

கேள்வி: மகளின் கல்யாணத்துக்குச் செட்டியார் தெருவில் நீலக் கல் மோதிரம் பார்த்தோம். ‘புளூ டோபாஸ், ட்ரீட் பண்ணினது’ என்றார் கடைக்காரர். ஏமாற்று வேலையா?
– ஒரு தகப்பனார், கொட்டாஞ்சேனை

பதில்: ‘ட்ரீட் பண்ணினது’ என்று வாயால் சொன்னவர் ஏமாற்றவில்லை. இயற்கையாக நீலமான டோபாஸ் அரிது, இருந்தாலும் வெளிறிப்போய் இருக்கும். கடைகளில் மின்னும் நீலம் அநேகமாக எல்லாம் நிறமற்ற டோபாஸுக்குக் கதிர் கொடுத்து வந்தது. கதிர் பட்டதும் கல் பெரும்பாலும் பழுப்பாகிவிடும். அப்புறம் மெல்லச் சூடாக்கினால் பழுப்பு கழன்று நீலம் நிற்கும். வான நீலம் பொதுவாக இலத்திரன் கற்றையில் வருவது. இருண்ட ‘லண்டன் புளூ’ அணு உலையில், நியூத்திரனில் வருவது.

ஊசிக்குச் சொன்ன எல்லையைக் கல்லுக்கு எல்லோரும் பின்பற்றுவதில்லை. அதனால் சில கற்களில் கொஞ்சம் கதிரியக்கம் தங்கலாம். அணு உலைக் கல்லில் அது கூடுதலாக இருக்கும். அது அடங்கும் வரை கல்லைப் பூட்டி வைத்து, அளந்து பார்த்துத்தான் சந்தைக்கு விடவேண்டும். நம்பிக்கையான கடையில் பில்லில் எழுதி வாங்குங்கள். நீலக்கல்லின் (சஃபையரின்) விலையை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம். மோதிரத்தைத் திருத்தக் கொடுத்தால், நெருப்புக் காட்ட முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பியகமையில் இருப்பதும் இந்த இயந்திரம்தானா?
– உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: இல்லைப் பிள்ளை. பியகமையில் அணுசக்திச் சபையின் நிலையம் காமா நிலையம். அங்கே வேலை செய்வது கோபாற்று-60 என்ற கதிரியக்க உலோகம். அதற்குச் சுவிட்ச் கிடையாது. வேலை இல்லாத நேரத்தில் பாதுகாப்பான இடத்துக்குள் இறக்கி வைக்க வேண்டும். அதன் கதிரியக்கம் 5.27 வருடத்தில் பாதியாகிவிடும். ஆனால் பெரிய பெட்டியையும் ஊடுருவும். இலத்திரன் கற்றையோ 10 மில்லியன் இலத்திரன் வோல்ற்றில் இரு பக்கமும் கொடுத்தாலும், தண்ணீர் அளவு அடர்த்தியுள்ள பொருளில் எட்டொன்பது சென்ரிமீற்றர் தடிப்புக்குத்தான் காணும். அதே அளவு கதிரைக் கொடுக்க காமாவில் மணிக்கணக்கு, இலத்திரனில் நொடிக்கணக்கு. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: அந்த வேலை செய்ததால்தானா ஐயா, பத்திக்கு மேலே போடும் படத்தில் உங்கள் தலை அப்படி இருக்கிறது?
– பெயர் வேண்டாம், தெகிவளை

பதில்: மாதா மாதம் என் சட்டையில் குத்தியிருந்த கதிர் அளவீட்டு வில்லையைக் கழற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு தடவையும் குறை சொல்லி வரவில்லை. எங்கள் அப்பாவின் தலையும் முப்பத்தைந்து வயதில் இப்படித்தான். அவர் கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க்.