பள்ளியில் வெள்ளம் புகுந்தால் ஃபெமா எவ்வளவு கொடுக்கும்?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸில், எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் போர்டுக்குப் புதிதாகத் தேர்வாகியிருக்கிறேன். புயலில் பள்ளி சேதமானால் முழுச் செலவையும் மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா கொடுத்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. முதலில் ஜனாதிபதி பேரிடர் அறிவிக்க வேண்டும், ஃபெமாவின் பொது உதவித் திட்டத்தில் உங்கள் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பெயரும் இருக்க வேண்டும். அதன்பிறகும் தகுதியான செலவில் குறைந்தது 75 சதவீதம்தான் மத்திய அரசின் உறுதியான பங்கு. அந்தப் பணமும் மாநில அரசு வழியாக வரும், பெரிய வேலைகளுக்குப் பெரும்பாலும் நீங்கள் செலவு செய்து ரசீது காட்டிய பிறகுதான். கவுண்டி பட்டியலில் சேர்ந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது இன்சூரன்ஸில். இன்சூரன்ஸ் கொடுத்ததை ஃபெமா மறுபடி கொடுக்காது, அது நியாயம்தான். ஆனால் கட்டடம் அதிக வெள்ள அபாயப் பகுதியில் இருந்து, நீங்கள் வெள்ள பாலிசியே எடுக்காமல் விட்டிருந்தாலும், எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையைக் கழித்துவிடுவார்கள். கட்டடத்துக்கு 5 லட்சம் டாலர் வரை, உள்ளே இருக்கும் பொருள்களுக்கு இன்னொரு 5 லட்சம் வரை. பிரீமியத்தை மிச்சம் பிடித்த டிஸ்ட்ரிக்டுக்கு இது பெரிய அடி.

அப்புறம் ஆவணங்கள். நனைந்த கார்பெட்டையும் மேசைகளையும் குப்பையில் போடுவதற்கு முன்பே அறை அறையாகப் படம் எடுத்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள். அவசர வேலையில் உங்கள் நிரந்தர ஊழியர்களுக்குப் பொதுவாக ஓவர்டைம் மட்டும்தான் கணக்கில் வரும், வழக்கமான சம்பளம் வராது. ஆகும் செலவில் இத்தனை சதவீதம் லாபம் என்று பேசும் ஒப்பந்தக்காரரைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், அந்த வகை ஒப்பந்தத்துக்கு அனுமதியே இல்லை. பழுது பார்க்கும் செலவு புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால் புதுக் கட்டடமே கேட்கலாம், ஆனால் அந்த மதிப்பீட்டில்தான் இழுபறி நடக்கும். 2005இல் கத்ரீனா புயல் தாக்கிய நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகளுக்கு 180 கோடி டாலர் மொத்தத் தொகையாக முடிவானது 2010இல்!

இன்னொன்று, டெக்சாஸில் மாநில நிதி மாணவர் வருகையை வைத்து வருகிறது. குடும்பங்கள் ஊரை விட்டுப் போனால் அதுவும் குறையும், இந்த வருமான இழப்பை ஃபெமா ஈடுகட்டாது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சில சமயம் கல்விக்கென்று தனியாக ஒதுக்கும். 2017 புயல்களுக்கும் கலிஃபோர்னியா காட்டுத்தீக்குமாகச் சேர்த்து 2018இல் 270 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் வரும் என்று பட்ஜெட் போட முடியாது.

அடுத்த கூட்டத்திலேயே ஒவ்வொரு கட்டடத்தின் வெள்ள பாலிசியையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.