ரக்பி கேள்வி-பதில்: வேல்ஸ் அணியின் ஓட்டை எங்கே?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேல்ஸ் தேசிய அணியின் தேர்வைப் பற்றியவை. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

2023 உலகக் கோப்பையில் காலிறுதி ஆடிய வேல்ஸ், அந்தத் தோல்வியையும் சேர்த்து 18 டெஸ்டுகளை (நாடுகள் மோதும் ஆட்டங்களை) ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றது. பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் ஆட்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததுதானே காரணம்? (கண்டி)

கால்பங்கு அப்படிச் சொல்லலாம். முக்கால்பங்கு, தேர்ந்தெடுக்க ஆள் இல்லாமல் போனதுதான்.

அந்தத் தோல்வி வரிசை 2023 அக்டோபர் 14-இல் மார்சேயில் அர்ஜென்டினாவிடம் 29-17 எனத் தோற்றதில் தொடங்கி, 2025 ஜூலை 12-இல் கோபே நகரில் ஜப்பானை 31-22 என வென்றபோதுதான் முடிந்தது. 2023 மே முதல் 2024 மார்ச் வரை யாரெல்லாம் விலகினார்கள் என்று பாருங்கள்: ஆலன் வின் ஜோன்ஸ் 158 டெஸ்ட், ஜஸ்டின் டிப்யூரிக் 93, டான் பிகர் 112, லீ ஹாஃப்பென்னி 101, ஜார்ஜ் நார்த் 121. ஐந்து பேரைக் கூட்டினாலே 585 வருகிறது. இவர்கள் போக, ஓடி ட்ரை போடும் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும்) லூயி ரீஸ்-ஸாமிட் 2024 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டார். ஓய்வு பெறுவது இயல்பு. ஆனால் 2021, 2022-இல் அந்த இடங்களில் இளையவர்களுக்கு ஆளுக்குப் பத்துப் பதினைந்து டெஸ்டாவது கொடுத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

கேட்லண்ட் மேல் நேராகவே சொல்லக்கூடிய குறை ஃப்ளை-ஹாஃப் இடம் (10-ஆம் எண், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்). 2025 ஆறு நாடுகள் போட்டியில் இயல்பாக 12-இல் (சென்டர்) ஆடும் பென் தாமஸை 10-இல் நிறுத்தினார். பாரிஸில் 43-0 தோல்வி. மழை பெய்த ரோமில் இத்தாலியிடம் 22-15. 12-இல் ஆடுபவருக்குப் பந்து வரும்போது எதிரணித் தடுப்பு எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். 10-இல் நிற்பவர் அதை அரை நொடி முன்னாலேயே ஊகித்து, உதைப்பதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் பாதுகாப்புக்காக ஓரிரு அடி பின்னால் நிற்பார். பந்து தனக்கு வந்துசேரும் நேரத்தில் எதிராளி மேலேறி வந்துவிடுவான், உதையும் குறுகிப்போகும். மழையில் களத்தின் எந்தப் பாதியில் ஆட்டம் நடக்கிறது என்பதை உதைதான் தீர்மானிக்கும்.

ரோமுக்குப் பிறகு கேட்லண்ட் விலக, இடைக்காலப் பொறுப்பேற்ற மாட் ஷெரட் உடனே கேரத் ஆன்ஸ்கோமை 10-க்கு அழைத்தார். தாமஸ் 12-க்குத் திரும்பினார். அயர்லாந்துக்கு எதிராக இடைவேளையில் வேல்ஸ் 13-10 என முன்னிலையில் இருந்தது. கடைசியில் 27-18 என்று தோற்றது. சரியான ஆளைச் சரியான இடத்தில் வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நின்றுவிடும் என்ற இரண்டையும் அந்த ஒரே ஆட்டம் காட்டிவிட்டது. இரண்டாம் பாதியில் மேலே போகவிடாமல் நிறுத்தியது மாற்று வீரர்களின் தரம்.

டைட்ஹெட் ப்ராப் பற்றாக்குறை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பதினைந்தில் ஒரு இடம்தானே! அதற்கு ஏன் இவ்வளவு கவலை? (கொழும்பு)

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். வேல்ஸ் அணியைப் பற்றிய விவாதத்தில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

ஸ்க்ரம் என்பது இரு அணிகளின் எட்டெட்டுப் பேர் கோத்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளுவது. அதில் முன்வரிசை மூவர்: 1 லூஸ்ஹெட், 2 ஹுக்கர், 3 டைட்ஹெட். 1-உம் 3-உம் ப்ராப்கள். லூஸ்ஹெட்டின் தலை வெளிப்பக்கம் இருக்கும். ஒரு தோள்தான் எதிராளியோடு கோத்திருக்கும். டைட்ஹெட்டின் தலையோ எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹுக்கருக்கும் நடுவே போய்விடும். இரண்டு தோளிலும் சுமை. இருவருக்கு இவர் ஒருவர். உலகத்தர அணி ஒன்றின் எட்டுப் பேர் சேர்ந்தால் ஏறத்தாழ 900 கிலோ. அதில் பெரும்பகுதி இவர் கழுத்து, முதுகு, இடுப்பு வழியாகத்தான் போகிறது.

இவர் பின்வாங்கினால் என்ன ஆகும்? நம் பந்தாக இருந்தால், ஸ்க்ரம் வலப்பக்கமாகத் திருகிக்கொண்டு சரியும். ஸ்க்ரமின் கடைசியில் நிற்கும் நம்பர் 8 பந்தை எடுக்க முடியாது. ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் மேல் எதிராளி விழுவான். அதற்குமுன் முழங்கால் தரையில் பட்டாலோ, பிடி நழுவினாலோ பெனால்டி. எதிரணி அதை மூலைக்கு உதைத்து 5 மீட்டர் லைன்அவுட் (பந்து வெளியே போன இடத்திலிருந்து இரு வரிசைக்கும் நடுவே எறிய, குதித்துப் பிடிப்பது) எடுக்கும். அங்கிருந்து மோல் கட்டித் தள்ளினால் (பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து கூட்டமாக முன்னேறினால்) ட்ரை. ஓரத்தில் நிற்கும் விங்கருக்குப் பந்தே வராமல், ட்ரைக்குப் பின்னான கோல் உதையும் சேர்த்து ஏழு புள்ளி போய்விடும். அடுத்த நாள் செய்தித்தாளில் விங்கர் தடுப்பில் தவறினார் என்று எழுதுவார்கள்.

ஆள் ஏன் கிடைக்கவில்லை? முதல் காரணம் வயது. 19 வயதுக்குட்பட்ட ஆட்டங்களில் ஸ்க்ரமை 1.5 மீட்டருக்குமேல் தள்ளக்கூடாது என்று விதி. பாதுகாப்புக்கு மிகச் சரியான விதி. ஆனால் முழுத் தள்ளலின் கீழ் நிற்கும் பாடத்தை இளைஞன் அதன்பிறகுதான் தொடங்குகிறான். நல்ல டைட்ஹெட் 26, 27 வயதில்தான் முதிர்ச்சியடைவார். இரண்டாவது காரணம் சந்தை. மற்ற இடங்களில் துணிந்து இளையவரை இறக்கும் சங்கம் (கிளப்) கூட, 3-ஆம் எண்ணில் துணியாது. வெளிநாட்டு மூத்தவரை விலைக்கு வாங்கும். உள்ளூர்ப் பையன் பெஞ்சில் அமர்ந்து கடைசிப் பதினைந்து நிமிடம் ஆடுவான். டைட்ஹெட் ஆர்ச்சி கிரிஃபின் 2024-இல் வேல்ஸுக்கு ஆட வந்தவர். ஆனால் அப்போது தம் சங்கமான பாத் அணியில் இங்கிலாந்தின் வில் ஸ்டூவர்ட், தென்னாப்பிரிக்காவின் தாமஸ் டு டோய்ட் ஆகிய இருவருக்கும் பின்னால் நின்றார். வாராவாரம் ஐம்பது நிமிடம் ஆடாதவர் டெஸ்டில் ஐம்பது நிமிடம் தாங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வேல்ஸில் தொழில்முறை அணிகள் நான்குதான்: கார்டிஃப், ஸ்கார்லெட்ஸ், ஆஸ்ப்ரீஸ், டிராகன்ஸ். அதாவது தொடக்க டைட்ஹெட் இடங்கள் மொத்தமே நான்கு. அவற்றில் இரண்டில் வெளிநாட்டுக்காரர் அமர்ந்தால், தேசியத் தேர்வாளர் இருவருக்குள் ஒருவரைத் தேட வேண்டும். அணிகளை மூன்றாகக் குறைக்கப்போவதாக வேல்ஸ் ரக்பி சங்கம் 2025 அக்டோபரில் அறிவித்தது. பணம் மிச்சமாகலாம். ஆனால் 3-ஆம் எண்ணில் வேல்ஸ்காரரைத் தொடக்கத்தில் ஆட வைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு நிதி கொடுக்காவிட்டால் இந்த ஓட்டை இன்னும் பெரிதாகும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

25 டெஸ்ட் விதியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? (டர்பன்)

வேல்ஸுக்கு வெளியே ஆடும் வீரரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அவர் ஏற்கெனவே 25 டெஸ்ட் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. சில விதிவிலக்குகளும் உண்டு. 2017-இல் 60 என்று வைத்தார்கள்; 2023 பிப்ரவரியில் வீரர்கள் வேலைநிறுத்தம் வரை போனபோது 25 ஆக்கினார்கள்.

உங்கள் ஊர் அனுபவமே ஒரு பதில். தென்னாப்பிரிக்காவும் 30 டெஸ்ட் என்று ஒரு வரம்பு வைத்திருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டு, எங்கே ஆடினாலும் வரலாம் என்றார்கள். அந்த ஆண்டும் 2023-இலும் உலகக் கோப்பை வந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் நூறு பேர் வெளியே போனால் பள்ளிக்கூடங்களிலிருந்து அடுத்த நூறு பேர் வருவார்கள். வேல்ஸில் வரமாட்டார்கள். வரம்பை முழுதாக எடுத்தால் நான்கு அணிகளும் காலியாகும் என்ற வேல்ஸ் ரக்பி சங்கத்தின் பயம் பொய்யல்ல.

எங்கள் யோசனை: முன்வரிசைக்கு மட்டும் வரம்பை எடுத்துவிடலாம். 22 வயது ப்ராப் இங்கிலாந்திலோ பிரான்ஸிலோ வலுவான ஸ்க்ரமில் வாராவாரம் ஆடுவது, உள்ளூரில் பெஞ்சில் இருப்பதைவிட வேல்ஸுக்கே லாபம். இதற்கொரு விலையும் உண்டு. அதிகாரபூர்வ சர்வதேச வாரங்களுக்கு வெளியே நடக்கும் ஆட்டத்துக்கு வெளிநாட்டுச் சங்கங்கள் ஆளை விட வேண்டியதில்லை. 2025 நவம்பர் 29-இல் கார்டிஃபில் தென்னாப்பிரிக்காவுடன் ஆடிய ஆட்டம் அப்படிப்பட்டது. இங்கிலாந்து, பிரான்ஸ் சங்கங்களில் ஆடுபவர்கள் இல்லாமல் இறங்கிய வேல்ஸ் 73-0 எனத் தோற்றது. எதிரணிக்கும் அதே தடை இருந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கையிருப்பின் வித்தியாசம் விளங்கும். வருமானத்துக்காக அந்த வாரத்தில் ஆட்டம் வைப்பதை நிறுத்தியாக வேண்டும்.

2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு ஹுக்கரோடு இறங்கியது மடத்தனம் இல்லையா? (ஆக்லாந்து)

துணிச்சல், அதற்குக் கணக்கும் இருந்தது. மால்கம் மார்க்ஸ் காயமடைந்தபோது 33 பேர் குழுவுக்கு இன்னொரு ஹுக்கரை அழைக்காமல் ஃப்ளை-ஹாஃப் ஹான்ட்ரே பொல்லார்டை அழைத்தார்கள். மானி லிபோக்கின் கோல் உதை நம்பத்தகாததாக இருந்தது. அயர்லாந்திடம் 13-8 எனத் தோற்ற ஆட்டத்தில் தவறிய உதைகளே தோல்விக்குப் போதும். பொல்லார்ட் அரையிறுதியில் 77-ஆம் நிமிட பெனால்டியால் இங்கிலாந்தை 16-15 என வீழ்த்தினார். இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்து வந்தவை.

அதற்குக் கொடுத்த விலை: போங்கி ம்போனாம்பி முதல் ஐந்து நிமிடத்துக்குள் காயமடைந்து வெளியேற, 37 வயது டியோன் ஃபூரி மீதி ஆட்டம் முழுவதும் ஹுக்கராக நின்றார். ஃபூரி ஃப்ளாங்கராக (ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்கும் 6 அல்லது 7) அறியப்பட்டாலும் முன்னாள் ஹுக்கர். ஸ்க்ரம் தாங்கியது, லைன்அவுட் தடுமாறியது. லைன்அவுட்டில் எறிவது ஹுக்கரின் வேலை, அது அப்படித்தான்: முன்னால் குதிப்பவருக்கு எறிவது எளிது, 13 மீட்டர் தூரத்தில் கடைசியில் நிற்பவருக்குத் தினமும் எறிந்தவர்தான் சரியாகப் போடுவார். ஆக, ஒற்றை ஹுக்கர் ஏற்பாட்டுக்கு, பழைய பழக்கமுள்ள ஒருவர் குழுவில் இருந்தாக வேண்டும். வேல்ஸிடம் அப்படி ஒருவர் இல்லை. அவர்கள் மூன்று ஹுக்கரைக் கொண்டுபோக வேண்டும்.

வேல்ஸும் மாற்று வீரர்களில் 7 முன்கள வீரர் (1 முதல் 8 வரை எண்களுக்கு), 1 பின்கள வீரர் (9 முதல் 15 வரை) என்று வைத்துப் பார்க்கலாமே? (லண்டன்)

வேண்டாம். எட்டு மாற்று வீரர்களில் மூவர் முன்வரிசைக்காரராக இருந்தே ஆக வேண்டும். மற்ற ஐந்தில் நான்கை முன்களத்துக்குக் கொடுத்தால், வருபவர்கள் போகிறவர்களைவிட வலுவாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 50-ஆம் நிமிடம் ஆக்ஸ் என்சே, ஆர்.ஜி. ஸ்னைமன் வருகிறார்கள், ஸ்க்ரம் பலம் கூடுகிறது. வேல்ஸில் அந்த நேரத்தில் பலம் குறைகிறது.

அதோடு பின்களத்தில் இரண்டு காயம் வந்தால்? 2025 மார்ச்சில் டப்ளினில் பிரான்ஸ் 7-1 வைத்து ஆடியபோது அன்டுவான் டுபோன் முழங்காலில் காயமடைந்தார். ஒரே பின்கள மாற்று வீரர் மாக்சிம் லூக்கு உள்ளே வந்தார். அடுத்து சென்டர் பராசி தலைக்காயப் பரிசோதனைக்குப் போக, ஃப்ளாங்கர் ஆஸ்கர் ஜெகூ சென்டரில் ஆடினார். பிரான்ஸ் 42-27 என்று வென்றது; ஜெகூ போல ஓடவும் தடுக்கவும் தெரிந்த ஃப்ளாங்கர் இருந்ததால் முடிந்தது. வேல்ஸுக்கு 5-3தான் பொருந்தும். அந்த மூவரில் ஒருவர் 10-உம் 15-உம் (பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளர்) ஆடத் தெரிந்தவராக இருக்கட்டும்.

வேல்ஸ் ஃப்ளாங்கர்கள் ஜாக் மார்கன், டாமி ரெஃபெல் இருவரையும் சேர்த்து ஆட வைக்கலாமா? (மட்டக்களப்பு)

தரையில் பந்தைப் பறிப்பதில் இருவரும் சிறந்தவர்கள். 2025-இல் பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து அணிகளின் கூட்டணி) முதலில் அறிவித்த 38 பேரில் வேல்ஸ்காரர் இருவர்தான், அதில் ஒருவர் மார்கன். ஆனால் இருவரும் 7-ஆம் எண்ணுக்கு ஏற்றவர்கள். லைன்அவுட்டில் உயரத் தூக்க ஏற்ற ஆட்கள் அல்லர். இருவரையும் வைத்தால் குதிக்க இரண்டு லாக் (4, 5) மட்டுமே மிஞ்சுவார்கள், எங்கே எறிவார்கள் என்று எதிரணி எளிதில் படித்துவிடும். நம்பர் 8 உயரமானவராக, குதிப்பவராக இருந்தால் மட்டும் சரி.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன் 23 பேர் பட்டியல் வருகிறது. எதைப் பார்த்து அணியின் பலவீனத்தைக் கண்டுபிடிப்பது? (திருச்சி)

முதலில் 3-ஐயும் (டைட்ஹெட்) 18-ஐயும் (அவருக்கு மாற்று) பாருங்கள். இருவரும் தம் சங்கத்தில் கடந்த ஐந்தாறு வாரம் தொடக்கத்தில் ஆடினார்களா, பெஞ்சிலா என்று தேடுங்கள். 18 பலவீனமென்றால் 55-ஆம் நிமிடத்துக்குப் பிறகு பெனால்டிகள் கூடும். அடுத்து 4, 5, 6, 8 ஆகியோரில் லைன்அவுட்டில் குதிப்பவர்கள் மூன்று பேராவது உண்டா என்று எண்ணுங்கள். பிறகு 10-ஆம் எண்காரர் வெளியேறினால் கோலுக்கு உதைக்க இன்னொருவர் களத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். கடைசியாக, ஒருவர் தம் சங்கத்தில் ஆடும் இடமும் இங்கே கொடுத்த இடமும் வேறாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரணிப் பயிற்சியாளர் முதல் உதையை அவர் பக்கம்தான் அனுப்பச் சொல்வார். விங்கர்களின் வேகத்தை இவ்வளவும் பார்த்த பிறகு பேசலாம்.