எய்ட்ஸ் நாள் கண்காட்சியில் பிரபலங்களின் படங்களை வைக்கலாமா?

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாளுக்காகப் பதினோராம் வகுப்பு மாணவர்கள் சுவர்க் கண்காட்சி தயாரிக்கிறார்கள். எய்ட்ஸால் இறந்த பிரபலங்கள் பத்துப் பேரின் படங்களை ஒட்டலாம் என்கிறார்கள். இது பிள்ளைகளைப் பயமுறுத்திவிடுமா? யாரை வைப்பது, யாரை விடுவது?

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் பத்துப் பேர் வேண்டாம். இறந்தவர்களின் படங்கள் மட்டும் வரிசையாக நின்றால் அது அஞ்சலிப் பலகையாகிவிடும். "எய்ட்ஸ் வந்தால் சாவுதான்" என்ற பழைய பாடத்தையே பிள்ளைகள் படித்துக்கொண்டு போவார்கள். நான்கு பேர் போதும்.

முதலில் ஹாலிவுட் நடிகர் ராக் ஹட்சன். 1985 ஜூலையில் பாரிஸ் ஓட்டல் ஒன்றில் மயங்கி விழுந்தார். கல்லீரல் புற்றுநோய் என்று முதலில் செய்தி வந்தது. ஜூலை 25 அன்று எய்ட்ஸ் என அறிவித்தார்கள். அக்டோபர் 2இல் இறந்தார். அதற்கு முன்பே அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் இந்த நோயால் இறந்திருந்தனர். தன்பாலின ஈர்ப்பாளர்களின் சங்கதி என்று பலரும் அதைத் தள்ளிவைத்திருந்தார்கள். தெரிந்த முகம் ஒன்று விழுந்த பிறகுதான் நாடே பேசியது. நடிகை எலிசபெத் டெய்லர் போன்றவர்கள் ஆய்வுக்கு நிதி திரட்ட இறங்கினார்கள்.

கூடவே பீதியும் வந்தது. அந்த ஆண்டு ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஹட்சன் நடிகை லிண்டா எவன்ஸை முத்தமிட்டிருந்தார். அவருக்கும் தொற்றியிருக்குமோ என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி எச்சிலால் பரவாது. இந்தச் சம்பவத்தைப் படத்துக்குக் கீழே கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். சேர்ந்து சாப்பிட்டால் வருமா, ஒரே கழிப்பறையால் வருமா என்று உங்கள் மாணவர்களுக்குள் ஓடும் சந்தேகங்களும் இதே ரகம்தான்.

இரண்டாவது ரயன் ஒயிட். நடிகருமல்ல, பாடகருமல்ல, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பள்ளிச் சிறுவன். ரத்தம் உறையாத நோய்க்காக எடுத்துக்கொண்ட ரத்தப் பொருள் வழியே கிருமி ஏறியது. 13 வயதில் நோய் தெரியவந்தது; பள்ளி அவனைச் சேர்க்க மறுத்தது. வழக்காடி வகுப்புக்குத் திரும்பியவன், 1990 ஏப்ரலில் 18 வயதில் இறந்தான். அந்த ஆண்டே எய்ட்ஸ் நோயாளிகளின் சிகிச்சைக்கான சட்டம் அவன் பெயரில் நிறைவேறியது. ஏறக்குறைய தங்கள் வயதுக்காரன் என்பதால் பிள்ளைகள் இங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள்.

மூன்றாவதையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். 1991 நவம்பர் 7 அன்று கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிவித்தார். அதே மாதம் 23இல் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி தமக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை விட்டார். மறுநாளே இறந்தார், வயது 45. ஜான்சனோ 1996 வாக்கில் கிருமியை அடக்கும் கூட்டு மருந்துகள் புழக்கத்துக்கு வரும்வரை தாக்குப்பிடித்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்ந்து தொழிலதிபராகவும் பெயர் வாங்கினார். மருந்து என்ன செய்யும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

யாரை விடுவது? நம் ஊர்த் திரையுலகினர் என்று இணையத்தில் சுற்றும் பெயர்கள் எதுவும் வேண்டாம். தாமாகவோ குடும்பத்தார் மூலமோ வெளியில் சொன்னவர்களை மட்டும் வையுங்கள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அது இல்லாவிட்டாலும் வதந்திக்குப் பள்ளிச் சுவரில் என்ன வேலை?

கடைசிப் பலகையில் முகமே வேண்டாம். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பகிரும் ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும் வழிகளை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலமும் தொற்றாது என்பதையும் சேருங்கள். பெரியவர்களே பலர் இதைக் கேள்விப்பட்டதில்லை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், கூட்டு மருந்து சிகிச்சையும் இலவசம். உதவி எண் 1097. பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டியையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பதினாறு வயதில் யாரும் கையைத் தூக்கி இதைக் கேட்கமாட்டார்கள்.