ஏசாயா 53இன் தாசன் யார்?

கேள்வி: லெந்து நாட்களில் வாலிபர் வேதபாட வகுப்பில் ஏசாயா 53ஆம் அதிகாரத்தை நடத்தவிருக்கிறேன். அந்தத் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று யூதர்கள் சொல்வதாக ஒருவர் கேட்கிறார். எப்படி விளக்குவது?

பதில்: அவர் கேட்பது நியாயமான கேள்வி, அதை மறுக்க அவசரப்படாதீர்கள். பாடத்தை 53:1இல் தொடங்காமல், தாசனைப் பற்றிய பாடல் உண்மையில் தொடங்கும் 52:13இலிருந்து வாசியுங்கள். அதிகாரப் பிரிப்பு மிகவும் பிற்காலத்தது. 52:15இல் ராஜாக்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அடுத்த வசனங்களில் "நாம்" என்று பேசுவோர் அவர்களேயானால், அவர்கள் அசட்டைபண்ணிய தாசன் இஸ்ரவேலே என்றாகும். 11ஆம் நூற்றாண்டில் யூத வேத விளக்கவுரையாளரான ராஷி இவ்வாறுதான் வாசித்தார். தம்மோடு வாதிட்ட யூதர்களும் இதையே சொன்னதாக 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞரான ஓரிகன் குறிப்பிடுகிறார். 41:8, 44:1, 49:3 ஆகிய வசனங்கள் இஸ்ரவேலை வெளிப்படையாகவே தாசன் என்று அழைப்பதால், இந்த வாசிப்புக்கு வலுவான ஆதாரம் உண்டு.

ஆனால் 49:5-6இல் அதே தாசன் யாக்கோபைத் தேவனிடம் திருப்பவேண்டியவராக வருகிறார். 53:8இல் "என் ஜனத்தின்" மீறுதலுக்காக அடிக்கப்படுகிறார். ஜனத்தை மீட்க வருபவரை அந்த ஜனம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இந்த இழுபறி நூலுக்குள்ளேயே இருப்பது. அதை வகுப்பில் மறைக்கவேண்டியதில்லை.

தமிழில் வாசிப்போர் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. எபிரெயத்தில் அவன், அவர் என்ற வேறுபாடு கிடையாது. நம் பழைய மொழிபெயர்ப்போ 42:19இல் தாசனைக் "குருடன்" என்றும், 53இல் "அவர்" என்றும் எழுதுவதால், ஒரே சொல்லால் குறிக்கப்படும் தாசன் யார் என்பதை நாம் யோசிக்கும் முன்பே மரியாதை விகுதி முடிவுசெய்துவிடுகிறது.

மேசியா என்ற சொல்லையும் நிதானமாகக் கையாளுங்கள். அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்ற பொருளுடைய அந்தப் பெயர்ச்சொல் ஏசாயாவில் ஒரே இடத்தில், 45:1இல்தான் வருகிறது. அது குறிப்பதோ பெர்சிய ராஜாவான கோரேசை. 53இல் அந்தச் சொல்லும் இல்லை, தாவீதின் பெயரும் இல்லை. ஆகவே தாசனை மேசியாவாகக் காண்பது வசனத்தின் நேர்ச்சொல் அன்று, வியாக்கியானம். அதே சமயம் அது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வியாக்கியானமும் அன்று: எபிரெய வேதத்தின் பழைய யூத அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம், பாடுகளைப் பெரும்பாலும் பிறர்மேல் திருப்பிவிட்டாலும், 52:13இல் "என் தாசனாகிய மேசியா" என்றே எழுதுகிறது; யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூதின் சன்ஹெத்ரின் என்னும் பகுதியும் 53:4ஐ மேசியாவோடு இணைக்கிறது. "யூதர்கள் சொல்வது" என்று ஒரே கருத்தை நிறுத்துவது சரியாகாது.

இரண்டு வகுப்புகள் கிடைக்குமானால், முதலாவதில் 40 முதல் 55 வரை தாசன் வரும் இடங்களை மட்டும் வாசியுங்கள். இரண்டாவதில் அப்போஸ்தலர் 8:34ஐ எடுங்கள்: தீர்க்கதரிசி தன்னைக் குறித்துச் சொல்லுகிறாரோ, வேறொருவரைக் குறித்தோ என்று எத்தியோப்பிய மந்திரியும் உங்கள் மாணவரைப் போலவே கேட்டார். பிலிப்பு அந்த வசனத்தில் தொடங்கித்தான் இயேசுவிடம் வந்தார்.