காப்பியோடு போகும் மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 46. தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 18க்கு ஏறியிருந்தது, ஆன்டி டி.பி.ஓ. மிக அதிகம். ஹாஷிமோட்டோ என்கிறார் டாக்டர். தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு எப்படி அயோடின் குறைந்தது? காலையில் காப்பியோடு தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் போட்டுக்கொள்கிறேன். இருமுறை டோஸைக் கூட்டிய பிறகு இப்போது ரிப்போர்ட் நார்மல். மாத்திரையை நிறுத்தலாமா? முட்டைக்கோஸைத் தொடாதே என்கிறார் மதினி.
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: உங்கள் நோய்க்குக் காரணம் அயோடின் குறைவு அல்ல. உப்பளத்து உப்பில் இயல்பாக அயோடின் சொற்பம்தான். பாக்கெட் உப்பில் இருப்பது ஆலையில் கலந்தது. குறைவு என்று நினைத்து அயோடின் சொட்டு எதையும் வாங்கிக் குடித்துவிடாதீர்கள். இந்த நோயை அது மோசமாக்கக்கூடும்.

ஹாஷிமோட்டோ நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தைராய்டையே அந்நியமாக எண்ணித் தாக்குகிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, 1912இல் நான்கு பெண்களின் வீங்கிய சுரப்பிகளில் வெள்ளணுக்கள் அடைந்து கிடந்ததை எழுதினார். இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் 1956இல் காட்டினார்கள். ஆன்டி டி.பி.ஓ.வும் அந்த இனம்தான்.

மாத்திரை இந்தத் தாக்குதலை நிறுத்துவதில்லை. சுரப்பி தராத தைராக்ஸின் என்ற ஹார்மோனை வெளியிலிருந்து தருகிறது, அவ்வளவே. தாமிரபரணியிலிருந்து வரும் கன்னடியன் கால்வாயில்தான் தண்ணீர் ஓடுகிறதே, இனித் தாமிரபரணி எதற்கு என்று உங்கள் ஊரில் யாராவது கேட்பார்களா? நிறுத்தாதீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய காப்பி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காப்பியும் இரும்பும் தைராக்ஸினைக் குடலில் சரியாக உறிஞ்ச விடாது. டோஸ் இருமுறை ஏறியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காப்பி. திருநெல்வேலிச் சீமையில் இது பெரிய தண்டனை என்று தெரியும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஆனால் இதை நாளையே மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மாத்திரை முழுதாக உடம்பில் சேரத் தொடங்கினால், கூட்டிய டோஸ் மிகையாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நாள்பட்டால் எலும்பும் தேயும். டாக்டரிடம் உள்ளபடி சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். ஆன்டி டி.பி.ஓ.வை ஒவ்வொரு முறையும் எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். அந்த எண்ணை வைத்து யாரும் டோஸை மாற்றுவதில்லை.

முட்டைக்கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம். வேகவைத்து, வீட்டில் உண்ணும் அளவில் அது ஒன்றும் செய்யாது. மதினிக்கும் ஒரு கரண்டி வையுங்கள்.

மகள் இருந்தால் ஒரு வார்த்தை: இது குடும்பத்தில் தொடரக்கூடியது, பெண்களையே அதிகம் பிடிக்கும். அவள் கருவுற்றால் முதல் பரிசோதனையிலேயே டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள்.