கட்டும்போதே கழற்றுவதை யோசியுங்கள்

கேள்வி: மருத்துவமனையின் புதிய கட்டடம் முடியும் வரை, ஓராண்டுக்கு, வாசலில் இருபது பேர் காத்திருக்க ஒரு பந்தல் தேவை. மூங்கில், பழைய மரப் பேலட்டுகள் (சரக்கு அடுக்கும் மரத் தட்டுகள்), கழித்துப்போட்ட விளம்பரப் பதாகைகள் கிடைக்கின்றன. இவற்றை நம்பிக் கட்டலாமா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகக் கட்டலாம். ஆனால் கூரையை வரைவதற்கு முன்பே, ஓராண்டு கழித்து இதை எப்படிப் பிரிப்பீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். பிரித்த மூங்கில் இன்னொரு பந்தலுக்குப் போனால்தான் அது மறுபயன்பாடு.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் பந்தலில் பச்சை மூங்கிலில் ஆணி அடிக்க விட்டுவிட்டேன். மூங்கிலின் நார் நீளவாட்டில்தான் ஓடும், குறுக்கே பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. காயக் காய, ஆணி இருந்த இடத்திலிருந்து அடுத்த கணு வரை நகம் நுழையும் அளவுக்குப் பிளந்துகொண்டது. பிரித்தபோது பாதிக்கு மேல் விறகுக்குத்தான் போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் கயிற்றுக் கட்டு போடுங்கள். போல்ட் தேவைப்படும் இடத்தில் கணுவுக்குப் பக்கத்தில் துளையிட்டு மாட்டுங்கள். மூங்கில் காயும்போது சுருங்கும், கட்டு தளரும். சில வாரங்களுக்கு ஒருமுறை இறுக்கியே ஆக வேண்டும். மூன்று, நான்கு வயது முற்றிய மூங்கிலாகப் பார்த்து வாங்கி, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் பூச்சி அரிக்காது. ஆனால் அந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும். கூரை விளிம்பை நன்றாக வெளியே நீட்டுங்கள், தூணின் அடியை மண்ணில் புதைக்காமல் உயர்த்தி நிறுத்துங்கள்.

2017-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் 'பீப்பிள்ஸ் பெவிலியன்' என்று ஒரு தற்காலிகக் கூடம் எழுப்பினார்கள். பொருள்களை இரவல் வாங்கி, திருகாணி, பசை, ரம்பம் எதுவும் படாமல் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, முடிந்ததும் உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும்.

சரி, காற்று. இலேசான பந்தலுக்கு ஆபத்து பாரத்தால் வருவதைவிட மேலே தூக்குவதால்தான் அதிகம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கட்டிய காகிதக் குழாய் வீடுகளுக்கு மணல் மூட்டை நிரப்பிய பீர் பெட்டிகளே அடித்தளம். நீங்களும் பெஞ்சின் அடியில் மணல் மூட்டைகளை அடுக்கி, தூண்களை அதோடு பிணைக்கலாம். எத்தனை மூட்டை என்பதை மட்டும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், ஊகம் வேண்டாம்.

பதாகை வெயிலில் நாளடைவில் நொறுங்கும், அதன் கீழ் புழுக்கமும் இருக்கும். மேலடுக்காக மட்டும் சரிவாக விரித்து, கீழே இடைவெளி விட்டுப் பாய் அடுக்குங்கள். பேலட்டில் கோதுமைக் கதிர் சின்னம் உள்ள முத்திரையைத் தேடுங்கள். 'HT' என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'MB' என்றால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிக்கொல்லி வாயு பட்டது, வேண்டாம். எண்ணெய்க்கறை பட்டதும் வேண்டாம்.

அப்புறம், வருகிறவர்கள் நோயாளிகள். இருக்கை 45 செ.மீ. உயரத்தில், ஊன்றி எழக் கைப்பிடியோடு இருக்கட்டும். சக்கர நாற்காலிக்கு 90-க்கு 120 செ.மீ. இடத்தை நிழலின் நடுவிலேயே விடுங்கள், ஓரத்தில் ஒதுக்காதீர்கள்.