சான்றிதழுக்கு ஏன் காலாவதி? – கடிதம்

வணக்கம்.

நெட்வொர்க் துறையில் பத்தாண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். சிஸ்கோ நிறுவனம் நெட்வொர்க் வேலைக்குத் தரும் என் சிசிஎன்ஏ சான்றிதழ் சென்ற ஆண்டு காலாவதியாகிவிட்டது. இப்போது அலுவலகத்தில் அதைப் புதுப்பித்துத் தரச் சொல்கிறார்கள். கல்லூரியில் வாங்கிய பி.இ. பட்டத்துக்குக் காலாவதி இல்லை. கைக்காசு போட்டுத் தேர்வெழுதி வாங்கிய இதற்கு மட்டும் ஏன் மூன்றாண்டு ஆயுள்? இது வெறும் வியாபாரம்தானே?

ஆர்.கே., கோவை

அன்புள்ள ஆர்.கே.,

வியாபாரம் இருக்கிறது, தேர்வுக் கட்டணம் அந்நிறுவனங்களுக்கு வருமானம்தான். ஆனால் அதோடு முடித்துவிட முடியாது என்பதற்கு ரெட் ஹாட் நிறுவனம் லினக்ஸ் இயங்குதளப் பொறியாளர்களுக்கு நடத்தும் ஆர்ஹெச்சிஇ தேர்வைப் பாருங்கள். அவர்களது லினக்ஸின் 7ஆம் பதிப்பில் அத்தேர்வை எழுதியவர் நெட்வொர்க் வழியே ஐஸ்கஸி சேமிப்பகத்தை இணைப்பது, கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்புப் பாதுகாப்போடு என்எஃப்எஸ் முறையில் கோப்பகத்தைப் பகிர்வது, மரியாடிபி தரவுத்தளத்தை நிறுவுவது என்று ஒவ்வொன்றையும் சர்வரில் கட்டளை தட்டிச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. 2019இல் 8ஆம் பதிப்பு வெளிவந்தபின் அதே தேர்வு முழுக்க அன்சிபிள் என்ற தானியக்கக் கருவிக்கு மாறி, பிளேபுக் எனும் கட்டளைக் கோப்பு எழுதிப் பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து அமைக்கத் தெரிகிறதா என்று சோதிக்கத் தொடங்கியது. சான்றிதழின் பெயர் மாறவில்லை. ஆள் எடுப்பவருக்கு, பழைய தேர்வை எழுதியவர், புதிய தேர்வை எழுதியவர் இருவருடைய விண்ணப்பத்திலும் அதே எழுத்துகள்தான் தெரியும். இருவரும் கற்றது வேறு வேறு என்பதை அங்குள்ள தேதி மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

உங்கள் பட்டம், இன்ன ஆண்டில் இன்ன படிப்பை முடித்தீர்கள் என்கிறது; அது என்றைக்கும் உண்மை. தொழிற்சான்றிதழோ இன்றைக்கு இந்த வேலையை உங்களிடம் நம்பிக் கொடுக்கலாம் என்கிறது. அதற்குக் காலவரை இருப்பதே நேர்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காலவரை இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. காம்ப்டியா அமைப்பின் ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் ஆகிய கணினித் துறைச் சான்றிதழ்களை 2011க்கு முன் பெற்றவர்களுக்கு அவை வாழ்நாள் முழுவதும் செல்லும். பின்னர் பெற்றவர்களுக்கு மூன்றே ஆண்டு. விளைவு, 2009இல் தேறியபின் புத்தகத்தையே தொடாதவரின் சான்றிதழ் இன்றும் உயிரோடு இருக்கிறது; 2012இல் தேறி அன்றாடம் அதே வேலையைச் செய்பவர் புதுப்பிக்கத் தவறியிருந்தால் அவருடையது இல்லை.

காலவரையை விட, புதுப்பிக்கும் முறைதான் எனக்கு உறுத்துகிறது. மைக்ரோசாஃப்ட் 2021இல் தன் பணிசார் சான்றிதழ்களின் ஆயுளை ஓராண்டாகச் சுருக்கியபோது, புதுப்பிப்புத் தேர்வை இணையவழியில் இலவசமாக்கியது. புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்பதால் அதன் எடை சற்றுக் குறைவே. ஆனாலும் மாறியதை மட்டும் படிக்கவைத்து, அதற்குக் காசும் கேட்காத அந்த வழியே உழைப்பவருக்கு நியாயமானது. மாறாக, பல சர்வர்களில் செயலிகளை நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸுக்குரிய சிகேஏ சான்றிதழின் ஆயுள் 2024 ஏப்ரலில் மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதைத் தக்கவைக்கக் கட்டணம் கட்டி மறுபடி தேர்வெழுதத்தான் வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்கோவில் காலாவதிக்கு முன்பாக இருந்தால், பயிற்சிகளின் வழியே 30 மதிப்புப்புள்ளிகள் சேர்த்துத் தேர்வில்லாமலே புதுப்பித்திருக்கலாம். தேதி கடந்துவிட்டதால் தேர்வுதான் வழி. சப்நெட்டிங் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது), ஓஎஸ்பிஎஃப் (தரவு செல்லும் வழியைத் தேரும் முறை) போன்றவற்றை உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020இல் தேர்வை மாற்றியமைத்தபோது சேர்ந்த தானியக்கப் பகுதியை, அதாவது சாதனங்களை ஓரிடத்திலிருந்து ஆளும் கன்ட்ரோலர், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ரெஸ்ட் ஏபிஐ, தரவை எழுதும் வடிவமான ஜேசன் ஆகியவற்றை, முதலில் எடுங்கள். இத்தனை அனுபவத்துக்கு நான் சொல்வது, நேராக சிஸ்கோவின் அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பிக்குப் போங்கள் என்பதே. அதற்கு இப்போது சிசிஎன்ஏ முன்தகுதி இல்லை. அலுவலகம் சிசிஎன்ஏயைத்தான் கேட்கிறதா, மேல்நிலைச் சான்றிதழும் போதுமா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: பெருநிறுவனங்களின் கூட்டாளித் தகுதி (அவற்றின் பொருள்களை விற்க, நிறுவ ஓர் அலுவலகத்துக்குக் கிடைக்கும் அங்கீகாரம்) பெறச் சான்றிதழ் உள்ள ஊழியர்கள் இத்தனை பேர் வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. உங்கள் அலுவலகம் கேட்பதும் அதற்காகத்தான் என்றால், அந்தச் சான்றிதழால் ஆதாயம் அவர்களுக்கு. தேர்வுக் கட்டணத்தையும், படிக்க வேலை நேரத்தில் சில மணி நேரத்தையும் எழுத்துமூலம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.